சமபங்கும் சமநிலையும்



நம் சபையின் வாலிபர் ஏழு பேர் வருகிற வாரத்தில் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு முதுகுப்பையுடன், கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லவிருக்கிறார்கள். மாமல்லபுரம், புதுச்சேரி, தரங்கம்பாடி, நாகப்பட்டினம், தனுஷ்கோடி, மணப்பாடு என்று தங்குமிடங்களை எழுதி, ஜெபிக்கும்படி என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சபையில் சிலருக்கு இது மனத்தாங்கலாக இருப்பதை அறிவேன். ஓர் ஆராதனை தவறிப்போகும், ஊர்சுற்றுவதில் என்ன ஆவிக்குரிய பயன் என்கிறார்கள். கடலில் இறங்கி அசம்பாவிதம் நேரிடுமோ என்ற பயமும் இருக்கிறது. கடைசிக் கவலை நியாயமானது. மாமல்லபுரத்து அலையின் அடியிழுப்பு நீச்சல் தெரிந்தவனையும் விடாது. முழங்காலளவு தண்ணீருக்கு அப்பால் ஒருவனும் போகலாகாது என்று அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மற்றபடி அவர்கள் போகட்டும் என்பதே என் எண்ணம்.

தேவனுடைய ஊழியர் பலர் கடலோரம் நடந்தவர்களே. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்குவும் புளூட்சோவும் இருவராகத்தான் வந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு சீகன்பால்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் அங்கேயே சிறைவைக்கப்பட்டார். 1718இல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தை நம் பிள்ளைகள் பார்ப்பார்கள், கோட்டையையும் பார்ப்பார்கள். படம் எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிடாமல், ஒரு மாலைப் பொழுதாவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆனால் இன்று நான் எழுத வந்தது வேறொன்று.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், இறையியல் படிப்பை முடித்த கையோடு, நாங்கள் ஆறு நண்பர்கள் இதே கரையோரமாகப் பேருந்துகளில் புறப்பட்டோம். ஆளுக்கு இவ்வளவு என்று சமமாகப் போட்டு ஒரு பொதுப்பணம் சேர்த்தோம். தீரும்போதெல்லாம் மீண்டும் சமமாகப் போடவேண்டும் என்பது ஏற்பாடு. பணப்பை என்னிடம் இருந்தது. கணக்கில் நான் மிகவும் கறாரானவன் என்று நண்பர்கள் புகழ்ந்தார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

தரங்கம்பாடியில் மீன் சாப்பாடு சாப்பிட உட்கார்ந்தபோது எங்களில் ஒருவன் பசியில்லை என்றான். அன்று காலையிலும் அவன் ஒரு தேநீரோடு நிறுத்திக்கொண்டிருந்தான். மறுநாள் நாகப்பட்டினம் பேருந்து நிலையத்தில் பணப்பையை நிரப்ப வேண்டிய நேரம் வந்தது. அவன் அருகிலிருந்த தொலைபேசிக் கூண்டுக்குள் போய்த் திரும்பி வந்து, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், நான் ஊருக்குப் போகிறேன்" என்றான். ஜெபம்பண்ணி அனுப்பிவைத்தோம். நான்தான் ஜெபித்தேன். அவன் அம்மாவின் சுகத்துக்காக உருக்கமாக ஜெபித்தேன் என்பது இன்றும் நினைவிருக்கிறது. கன்னியாகுமரியில் எடுத்த படத்தில் ஐந்து பேர் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

பல ஆண்டுகள் கழித்து அவனுடைய வீட்டு விசேஷம் ஒன்றில் அந்தத் தாயாரைச் சந்தித்தேன். அப்போது உங்களுக்கு உடல்நலமில்லாமல் இருந்ததே என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அவர் சிறிது யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு ஒன்றும் இல்லையே, ஐயா. கையிலிருந்த காசு தீர்ந்துபோச்சு, வந்துட்டேன்னு சொன்னான். நம்ம தெருவிலேயே அப்போ போன் கிடையாதே."

யாருக்கும் தொலைபேசாமல் அந்தக் கூண்டுக்குள் எவ்வளவு நேரம் நின்றிருப்பான்? எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது, பிரியமானவர்களே. பசியில்லை என்று அவன் சொன்னபோதே எனக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. கேட்டிருந்தால் கணக்கு கெட்டுப்போயிருக்கும். கேளாதிருப்பது வசதியாக இருந்தது.

இந்தப் பின்னணியில் அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தை நான் வாசிக்கும்போதெல்லாம் மனம் குத்துண்கிறது. வேதாகமத்தில் நண்பர் கூட்டம் ஒன்று கரையோரமாகச் செய்த நீண்ட பயணம் அங்கேதான் வருகிறது. சோபத்தர், அரிஸ்தர்க்கு, செக்குந்து, காயு, தீமோத்தேயு, தீகிக்கு, துரோப்பீமு என்று ஏழு பெயர்கள். பெரோயா, தெசலோனிக்கே, தெர்பை, ஆசியா என்று வெவ்வேறு இடத்தார். துரோவா தொடங்கி ஆசோ, மித்திலேனே, மிலேத்து, பின்பு கோஸ், ரோது, பத்தாரா, தீரு என்று துறைதுறையாகப் போகிறார்கள். ஆசோ வரைக்கும் மற்றவர்கள் கப்பலில் போக, பவுல் மாத்திரம் தரைவழியாய்ப் போகிறார். ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அவருக்குத் தனிமை தேவைப்பட்டிருக்கலாம். காரணம் கேட்டு யாரும் அவரைத் தொந்தரவு செய்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஆசோவில் அவரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் புறப்படுகிறார்கள்.

இவர்கள் எதற்காகப் பயணப்பட்டார்கள்? எருசலேமிலிருந்த ஏழைப் பரிசுத்தவான்களுக்காகச் சபைகள் சேர்த்த தர்மப்பணம் அப்போது பவுலின் கையில் இருந்தது. அதைச் சபைகளின் சார்பில் உடன் கொண்டுபோனவர்களே இந்த எழுவர் என்று வேத அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தப் பணத்தைக் குறித்துத்தான் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் சமநிலை என்ற சொல்லை எழுதுகிறார். எல்லோரும் ஒரே தொகை போடவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஒருவனுடைய நிறைவு இன்னொருவனுடைய குறைவை நிரப்பவேண்டும் என்கிறார். மன்னாவை மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியும், கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவும் இல்லாமல் போனதை நினைப்பூட்டுகிறார். என் பணப்பையில் இருந்தது சமபங்கு. அந்தக் கப்பலில் போனது சமநிலை. இரண்டும் ஒன்றென்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

இன்று பணப்பை இல்லை. செலவை உடனுக்குடன் பங்குபோட்டுக் காட்டும் செயலி கைப்பேசியில் இருக்கிறது. பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்லும். எவன் இரவு உணவைத் தவிர்த்தான் என்பதை அது சொல்லாது. தவிர்த்தவனுக்குப் பங்கு குறைகிறது என்று மகிழ்ச்சியோடு கழித்துக் காட்டும்.

அந்த எழுவரில் துரோப்பீமு மற்றொரு சமயம் வியாதிப்பட்டு, அதே மிலேத்துவில் விட்டுவிடப்பட்டான். இதை 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பவுலே எழுதுகிறார். ஏன் விட்டுவர நேர்ந்தது என்று விளக்கவில்லை. ஆனால் பெயரையும் ஊரையும் நோயையும் எழுதிவைக்கிறார். எங்கள் பயணக் கதையைச் சொல்லும்போதோ, "ஆறு பேர் கிளம்பினோம், ஒருவன் பாதியில் போய்விட்டான்" என்று பல மேடைகளில் நான் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன்.

எனவே பெற்றோரே, பிள்ளைகளைத் தடுக்காதிருங்கள். வாலிபரே, உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். ஆதியாகமம் 33இல், என்னோடுகூட நட என்று ஏசா அழைத்தபோது, பிள்ளைகள் இளசுகள், மந்தை கறவையாயிருக்கிறது, அவர்களுடைய நடைக்குத் தக்கதாய் மெதுவாக வருகிறேன் என்று யாக்கோபு சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் திட்டத்தை, உங்களில் மிகக் குறைவாகக் கொடுக்கக்கூடியவனை வைத்துப் போடுங்கள். அவன் யார் என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். கேட்டால் அவன் வேலையிருக்கிறது என்றுதான் சொல்வான். ஒரு மூடிய உறையை எல்லோரிடமும் சுற்றவிட்டு அவரவர் இயன்றதைப் போடட்டும். யார் எவ்வளவு போட்டார் என்பது பணம் வைத்திருப்பவனுக்கும் தெரியவேண்டாம். குறைந்தால் தரங்கம்பாடியில் ஒரு வேளை மீன் இல்லாமல் எல்லோரும் இட்லி சாப்பிடலாம்.

நீங்கள் கொடுத்த பட்டியலில் எட்டாவதாக ஒரு பெயர் எழுதப்பட்டுப் பின்பு அடிக்கப்பட்டதா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பது அவனை வெட்கப்படுத்துவதாகும். அப்படி ஒருவன் உண்டென்றால், இந்த ஞாயிறு ஆராதனைக்கு முன்பாகவே அவன் வீட்டுக்குப் போய்விடுங்கள். ஆராதனை முடிந்ததும் பயணத்துக்காக ஜெபிப்போம். நீங்கள் பேசிவைத்திருக்கும் வேனில் பன்னிரண்டு இருக்கைகள் என்று கேள்விப்பட்டேன்.