பரிசும் நஞ்சும்

ஆங்கிலேயர் பிறந்தநாளுக்குத் தருவதற்கும், ஜெர்மானியர் எலிக்கு வைப்பதற்கும் பெயர் ஒன்றே. 'கிஃப்ட்' என்றால் ஆங்கிலத்தில் பரிசு, ஜெர்மனில் நஞ்சு. எங்கள் வேதியியல் துறைச் சேமிப்பறையில் மண்டையோடு பொறித்த பழைய ஜெர்மன் குப்பி ஒன்று இருக்கிறது. அதன்மேல் இச்சொல்லைக் கண்டு சிரிக்காத மாணவர் இல்லை. நானும் சிரித்தேன். பிறகு அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். தமிழர் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அதில் உண்டு என்பது என் துணிபு.

இரண்டும் தற்செயலாக ஒத்த சொற்கள் அல்ல. ஒரு தாய் மக்களே. 'கொடு' என்னும் வினையிலிருந்து பிறந்த இச்சொல்லுக்குக் 'கொடுக்கப்பட்டது' என்பதே முதற்பொருள். பழைய ஆங்கிலத்தில் அது பெண்ணுக்காகக் கொடுத்த விலையைக் குறித்தது. பன்மையில் திருமணத்தையே குறித்தது. சுவீடன், டென்மார்க், நார்வே நாடுகளில் இன்றும் 'கிஃப்ட்' என எழுதினால் மணமானவர் என்று பொருள். நஞ்சு என்றும் பொருள். (மணமான நண்பர்கள் பொறுத்தருள்க.) ஜெர்மனிலோ பரிசு என்ற பழம்பொருள் வழக்கொழிந்தது. சீதனத்தைக் குறிக்கும் 'மிட்கிஃப்ட்', அதாவது 'உடன் கொடுத்தது', என்ற சொல்லில் மட்டும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கொடுத்தது எப்படி நஞ்சாயிற்று? கிரேக்க மருத்துவர் ஒரு வேளை மருந்தின் அளவை 'தோசிஸ்' என்றனர். அதற்கும் 'கொடுத்தல்' என்பதே பொருள். நாம் இன்று வழங்கும் 'டோஸ்' அதன் வழிவந்தது; வடமொழித் 'தானம்' அதே வேரில் கிளைத்த உறவு. இந்தத் தோசிஸைத்தான் ஜெர்மானியர் தம் மொழியில் 'கிஃப்ட்' என்று பெயர்த்தனர். கொடுத்த மருந்து, கொடுக்கக் கூடாததைக் கொடுத்ததற்கு இடக்கரடக்கலாக வழங்கி, பின் நஞ்சுக்கே பெயராய் நிலைத்தது. நஞ்சைக் குறித்த அவர்களது பழஞ்சொல் 'ஐட்டர்' இன்று வெறும் சீழைக் குறிக்கிறது. சுவையான செய்தி ஒன்று: 1538-இல் பாராசெல்சஸ், ஒரு பொருளை நஞ்சாக்குவதும் ஆக்காததும் அதன் அளவே என்று ஜெர்மனில் எழுதினார். அங்கே நஞ்சுக்கு அவர் ஆண்ட சொல் கிஃப்ட். அளவுக்கு ஆண்ட சொல் தோசிஸ். ஒன்றன் மொழிபெயர்ப்பே மற்றொன்று!

நஞ்சுக்கு நயமான பெயரிடுவது ஜெர்மானியர் பழக்கம் மட்டுமன்று. ஆங்கிலப் 'பாய்சன்' இலத்தீனில் வெறும் 'பானம்'. கிரேக்கரின் 'ஃபார்மகான்' மருந்து, நஞ்சு இரண்டையும் குறித்தது. நாம் மட்டும் என்ன, விலக்கா? 'மருந்து வைத்துவிட்டாள்' என்றால் எவரும் காய்ச்சல் மருந்தை நினைப்பதில்லை. ஓர் ஊரில், 'அவன் மருந்தைக் குடித்துவிட்டான்' என்று ஒருவர் சொல்லட்டும். கேட்டவர் அலறி அடித்துக்கொண்டு ஓடுவார். பூச்சி மருந்து, எலி மருந்து, களை மருந்து, வயலுக்கு மருந்தடித்தல். இவற்றில் எது மருந்து?

ஜெர்மானியருக்கு இன்று இச்சொல்லால் இடரில்லை. அங்கே பரிசு ஒழிந்து நஞ்சு மட்டும் எஞ்சிற்று. சுவீடனிலும் இடரில்லை, மணமானவரையும் நஞ்சையும் எவரும் குழப்பிக்கொள்ள மாட்டார். நம் நிலை வேறு. இருமல் மருந்தும் பூச்சி மருந்தும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே மாடத்தில், ஒரே பெயருடன் நிற்கின்றன. மருந்து என்று பெயர் வைத்தபின், சற்றுக் கூடுதலாக ஊற்றினால் விரைவில் குணமாகும் என்று எண்ணுவது இயல்பன்றோ? மருந்துக்கு மூக்கை மூடுவானேன்? கையுறை எதற்கு? காலிக் குப்பியைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைத்தால்தான் என்ன?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் 1971-இல் வந்த விதிகள், ஒவ்வொரு குப்பியிலும் சாய்சதுர முத்திரை வேண்டும் என்கின்றன. நச்சின் கடுமை குறையக் குறையச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நிறம் மாறும். சிவப்பில் மண்டையோடும் உண்டு. ஆனால், பச்சை என்றால் தீங்கற்றது என்று பொருளில்லை, குறைந்த நச்சு என்றே பொருள் என்பதை வாங்குவோர் எத்தனை பேர் அறிவர்? பாட நூல்களும் 'பூச்சிக்கொல்லி' என்றே நேர்மையாக எழுதுகின்றன. அந்த நேர்மை ஏட்டோடு நின்றுவிட்டது. கடைப் பலகையிலும் வரப்பிலும் ஆள்வது மருந்துதான்.

ஆகவே அறிவியல் கற்ற நாமேனும் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நஞ்சை நஞ்சு என்றே சொல்வோம். சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று நண்பர்கள் கேட்கின்றனர். எல்லாம் மாறாது. ஆயினும், முகமூடி கட்டு என்று ஒருவரிடம் சொல்லுமுன், எதற்காகக் கட்ட வேண்டும் என்பது அவர் காதில் விழ வேண்டாமா?

சென்ற பொங்கலுக்குத் தஞ்சைப் பக்கத்து எங்கள் ஊரில் இதைத்தான் சொல்லிப் பார்த்தேன். சித்தப்பா சிரித்துவிட்டார். "ஏம்ப்பா, நஞ்சடிக்கப் போறோம்னு சொன்னா எவன் கூலிக்கு வருவான்?" என்றார். வருகிறவர் கையுறை கேட்பார், கூலியும் கூட்டிக் கேட்பார் என்றேன். அதற்குச் சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை.