திரிகைக்கல்லை அடகு கேளாதிருங்கள்



ஏழையிடம் எதை வேண்டுமானாலும் அடகு வாங்கலாம் என்று மோசேயின் நியாயப்பிரமாணம் சொல்லவில்லை. மாவரைக்கும் திரிகைக்கல்லைத் தொடவே கூடாது (உபாகமம் 24:6). அதை எடுப்பது அந்த வீட்டின் உயிரை எடுப்பதற்குச் சமம். நம் நீலகிரியில் கொழுந்து பறிக்கும் சகோதரிக்கு அன்றாட வேலையே திரிகைக்கல். தோட்டத்து லயத்தில் குடியிருப்பவளுக்கு வேலை போனால் கூரையும் போகும்.

நான் தடுப்பூசிக்கு விரோதியல்லன். 1907 முதல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடிக்கு மருந்தளித்து உயிர்காத்த மலை இது. கொரோனா ஊசியை நானும் போட்டுக்கொண்டேன், பிரசங்கபீடத்திலிருந்தே பரிந்துரைத்தேன். அதை அந்திக்கிறிஸ்துவின் முத்திரை என்று பரப்பிய ஊழியரை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன். ஆனால் மருந்து நல்லது என்பது வேறு. அதற்கு அஞ்சுகிறவரின் சோற்றில் கைவைப்பது வேறு.

2021 செப்டம்பரில், தடுப்பூசிச் சான்று காட்டினால்தான் மது என்று நம் மாவட்டத்தில் அறிவித்தார்கள். நாம் நகைத்தோம், மது கிடையாததால் எவரும் பட்டினி கிடப்பதில்லை. அதே ஆண்டு மேகாலயாவிலோ, கடைக்காரரும் வாடகை வண்டி ஓட்டுநரும் ஊசி போட்டால்தான் தொழில் செய்யலாம் என்று ஆணை பிறந்தது. பிழைப்புரிமையில் குறுக்கிடும் அத்தகைய கட்டாயம் செல்லாது என்று ஜூன் 23 அன்று அம்மாநில உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்சநீதிமன்றமும், எவரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்றது. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு நம் உடலையும் காக்கிறது என்றது. ஆயினும், ஊசி போடாதோர்மீதான தடைகளை விலக்கும்படி அது கூறியது தொற்று குறைவாக இருக்கும் காலத்திற்கே. அடுத்த கொள்ளைநோயில் என்ன செய்வோம்? தடுப்பூசியைக் காரணங்காட்டி எந்தத் தொழிலாளியின் வேலையையும் அரசு பறிக்கலாகாது என்று சட்டமே இயற்றப்பட வேண்டும். முகக்கவசம் கேட்கவும் நோயாளியைத் தனிமைப்படுத்தவும் அதிகாரம் இருக்கட்டும். கூலியைப் பிணையாக்கும் அதிகாரம் வேண்டாம்.

“அயலானைக் காப்பது அன்பல்லவா?” என்பீர்கள். அன்புதான், ஆகவேதான் அது மிரட்டாது. பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டு நோயில் கிடந்தவனிடம், குணமாக விருப்பமுண்டா என்றே ஆண்டவர் முதலில் கேட்டார். சுகமளிக்க வல்லவரே சம்மதம் கேட்டிருக்க, அதிகாரிக்கு அந்தப் பொறுமை ஆகாதா?

ஊசியை மறுத்தவர்களிடம் காரணம் கேட்டேன். “மறுநாள் காய்ச்சல் வந்தால் கூலி போகுமே, ஐயா” என்றார்கள் பலர். மதகுருவாகிய நான் அவர்களுக்குப் பிரசங்கம் செய்தேனேயன்றி, அந்த ஒருநாள் கூலிக்கு வழிசெய்யவில்லை. அச்சட்டம் அந்த ஒருநாள் கூலியையும் உறுதிசெய்யட்டும். ஆணையிட்டுப் பெற முடியாததை அது பெற்றுத் தரும்.

உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ வேலை செய்பவர் ஊசிக்குத் தயங்கினால், இவ்வாரமே அவருடன் உட்கார்ந்து காரணம் கேளுங்கள். வேலையை நிறுத்துவேன் என்று மட்டும் சொல்லாதிருங்கள்.

ஏழையின் திரிகைக்கல்லைக் காக்கிற கர்த்தர் நம் இருதயங்களையும் காப்பாராக. ஆமென்.