'கெட்டியான மெத்தை' என்னும் மருந்துச்சீட்டு

கீழ்முதுகு வலிக்குக் கெட்டியான படுக்கையே நல்லது என்பது, எலும்பியல் மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் நெடுங்காலம் சான்று தேடாமலே கைமாற்றிவந்த அறிவுரை. திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் அதைக் கேட்டு அடுத்துள்ள சாலைக் கடைத்தெருவுக்குச் செல்லும் நோயாளிக்குக் கெட்டியான மெத்தை கிடைப்பதும் கடினமன்று. தேங்காய் நாரைச் சுருளாக்கி, ரப்பர் பாலைத் தெளித்து, அச்சில் அழுத்திச் சூட்டில் இறுகவைத்துச் செய்யப்படும் காயர் மெத்தை, கேரளத்தின் இரு விளைபொருள்கள் கூடிப் பிறந்தது. நாரின் அடர்த்தி கூடக்கூட அது பலகையை நெருங்கும். அத்தகைய மெத்தைகளின் மேல் அச்சிடப்படும் 'ஆர்த்தோ' என்பது விற்பனைப் பெயரே தவிர மருத்துவ வகைப்பாடு அன்று.

கோவாக்சும் உடன் ஆய்வாளர்களும் ஸ்பெயினில் 313 பேரிடம் நடத்தி, 2003இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இந்த அறிவுரையை அசைத்தது. ஒன்று மிகக் கெட்டி, பத்து மிக மென்மை எனக் கொள்ளும் ஐரோப்பிய அளவுகோலில் 2.3 உடைய மெத்தையில் படுத்தவர்களைவிட, நடுத்தரமான 5.6 உடையதில் படுத்தவர்களுக்கு 90 நாள்களின் முடிவில் படுக்கையிலும் எழும்போதும் வலி குறைவாக இருந்தது. அன்றாட இயக்கத் தடையும் குறைந்தது. ஆனால் அவர்கள் அனைவரும் குறிப்பிட்ட காரணம் புலப்படாத நாள்பட்ட வலியினர். படுக்கையிலும் எழும்போதும் வலிக்கிறது என்று முறையிட்டவர்கள். நாளெல்லாம் நின்றபின் மாலையில் மட்டும் வலிப்பவருக்கு இம்முடிவை அப்படியே பொருத்துவது ஆய்வு சொல்லாததைச் சொல்வதாகும்.

'நடுத்தரம்' என்பதும் படுப்பவரின் உடலைப் பொறுத்தது. எண்பது கிலோ எடையுள்ளவருக்கு இதமாக அமுங்கும் மெத்தை, ஐம்பது கிலோ உள்ளவருக்குத் தரையாகவே இருக்கும்; ஒரே கட்டிலில் அவ்விருவரும் படுக்கும் வீடுகளும் உண்டு என்பதை மருந்துச்சீட்டு எழுதுவோர் ஏனோ எண்ணிப் பார்ப்பதில்லை. ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பெலும்பும் ஓரளவு அமிழ்ந்தால்தான் முதுகுத்தண்டு நேர்கோட்டில் நிற்கும். மிகவும் அமிழ்ந்தால் இடுப்பு தொய்ந்து தண்டு வளையும். இரு பருவமழைகளும் நனைக்கும் இந்நகரில் ஈரம் ஏறி, நாளடைவில் கட்டிதட்டி நடுவில் குழியும் இலவம்பஞ்சு மெத்தையில் நேர்வது அதுவே.

ஆகவே வாங்கச் சொல்வதற்கு முன், எப்படிப் படுக்கிறார், இப்போதைய மெத்தை எத்தனை ஆண்டு பழையது, எங்கே குழிந்திருக்கிறது என்று கேட்பது தகும். மெத்தை கெட்டியாக இருந்தால் அதன்மேல் பருத்திப் போர்வைகளை மடித்து விரித்தும், தொய்வு கட்டிலின் அடித்தளத்தில் இருந்தால் மெத்தையைத் தரையில் இட்டும் சில இரவுகள் படுத்துப் பார்க்கச் சொல்வதில் செலவு ஏதும் இல்லை.

மெத்தைப் பேச்சில் நழுவிப்போகும் நோயாளி ஒருவர் உண்டு: நாற்பது வயதுக்குள், பின்னிரவில் வலியால் விழிப்பவர்; காலையில் அரைமணிக்கு மேல் விறைப்பு நீடிக்கும்; வலி ஓய்வெடுத்தால் தணியாமல் நடமாடினால் தணியும். இவை முதுகெலும்பு மூட்டழற்சியின் அறிகுறிகளாகலாம். அவருக்கு எழுதித்தர வேண்டியது வாதநோய் வல்லுநருக்கான பரிந்துரைக் கடிதம். காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு, சிறுநீர் அடைப்பு, தொடையிடையில் மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் படுக்கை பற்றிய ஆலோசனையை நிறுத்திவிட்டு உடனே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.