ஓரக்குறிக்கு இரண்டே கட்டம்

விம் உரைத்தொகுப்பியில் ஒவ்வொரு வரியின் இடப்பக்க ஓரத்திலும் ஒரு குறி இடலாம். பிழையுள்ள வரியைக் காட்ட நிரலாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் வசதி அது. செருகுநிரல் எழுதுபவர் குறியை முன்கூட்டியே வரையறுக்க வேண்டும். அதன் எழுத்து ஒன்று அல்லது இரண்டு கட்டங்களில் அடங்க வேண்டும். மீறினால் பிழைச்செய்திதான்.

இந்த வசதியைக் கொண்டு பாலக்காட்டுச் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம் ஆகிய பகுதிகளின் பேச்சுப்பதிவுகளில் மொழியைக் குறிக்க முனைவோர் முதலில் குறை கூறுவது கட்ட அளவையே. அதில் நியாயம் உண்டு. விம்மின் கணக்கில் உயிர்மெய்க் குறிகளுக்கு அகலம் சுழியம். ஆகவே ‘கௌ’ ஒரு கட்டமாக ஏற்கப்படும். திரையிலோ மூன்று உருவங்கள் நெருக்கியடித்து நிற்கும். ஆயினும் இது சிறு தொல்லையே. ‘த’, ‘ம’ என்று ஓரெழுத்துக் குறி வைத்துக்கொண்டால் தீர்ந்தது.

தீராத சிக்கல் வேறு. குறி வரிக்கு உரியது. மொழிக்கலப்போ சொல்லுக்குள்ளேயே நிகழ்கிறது. ‘சேச்சிகிட்டச் சொல்லு’ என்னும் தொடரில் பெயர் மலையாளம், வேற்றுமை உருபு தமிழ். ‘மழ’ என்று ஒருவர் சொன்னால் அது பேச்சுத்தமிழா மலையாளமா? ஒலியை மட்டும் கேட்டு முடிவுசெய்ய இயலாது. ஓரமோ விடை கேட்கிறது. ஒரே வரியில் இரு குறிகளை இட்டாலும் முன்னுரிமை மிக்கதே விம்மில் தெரியும். நியோவிம் ஓரத்தை அகலப்படுத்த இடம் தருகிறது. அப்போதும் குறி வரிக்குத்தான் உரியது.

1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் பலத்த எதிர்க்குரலுக்கிடையே கேரளத்தில் நின்றன. இன்னாருடைய மொழி இன்னது என்று ஒற்றைச் சொல்லில் எழுதும் பழக்கம் அங்கே அரசியல் கனம் உடையது. குடிக்கணக்கெடுப்புப் படிவம்கூடத் தாய்மொழியோடு அறிந்த வேறு இரு மொழிகளையும் கேட்கிறது. ஓரக்குறிக்கு அந்தத் தாராளம் இல்லை. ஒரு வரிக்கு ‘ம’ என்று இட்டு, பின்னர் அக்குறிகளை எண்ணிப் பட்டியலிட்டால், தேயிலைத் தோட்டத்துத் தமிழரின் பேச்சில் தமிழ் குறைந்துவிட்டது என்ற முடிவு தானே வந்து நிற்கும். அது அவர்கள் பேச்சின் பண்பன்று, கருவியின் பண்பு.

மொழி அடையாளத்தை உருபன் அளவில் கோப்புக்குள்ளேயே எழுதலாம். அல்லது ஈலான் போன்ற மென்பொருளில் தனி அடுக்காக வைக்கலாம். துணியமுடியாதவற்றுக்கு ‘இரண்டும்’ என்றொரு குறியும் வேண்டும். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கட்டும், இவ்வரியை மீண்டும் கேட்க வேண்டும் என்பதற்காக. அதற்கு ஒரு கட்டமே போதும்.