பழைய படகு வாங்கப் போகிறவர்களுக்கு

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழியைப் பார்க்கிறான், நாலடி நடக்கவிட்டும் பார்க்கிறான். காணி வாங்கப் போகிறவன் உறுதியை நொத்தாரிசிடம் காட்டாமல் ஒரு சதமும் கொடுப்பதில்லை. ஆனால் இலட்சக்கணக்கில் பணம் கொடுத்துப் பழைய படகு வாங்குகிறவர்களிற் பலர், பூச்சின் பளபளப்பையும் இயந்திரத்தின் முழக்கத்தையும் கண்டு மயங்கி, அன்றைக்கே கணக்கை முடித்துவிடுகிறார்கள். மாட்டின் குறை வயலிலே தெரியும். படகின் குறையோ கரை கண்ணுக்கு மறைந்த பிறகுதான் தெரியவரும்.

புரட்டாதிக் கடைசியில் நாம் உடப்புக்குப் போயிருந்தோம். ஒரு புறம் கடலும் மறுபுறம் முந்தல் களப்புமாக அமைந்த ஊர் அது. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்புக்கும், கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கும் பேர்போனது. நாம் போன வேளை கச்சான் பெயர்ந்து கடல் அடங்கத் தொடங்கியிருந்தது. ஆறேழு மாதத் தொழிற்காலம் கண்முன்னே. எல்லோருக்கும் அவசரம், படகில்லாதவனுக்கு இரட்டை அவசரம்.

அப்படி ஓர் இளைஞரைக் கண்டோம். வயது இருபத்தைந்து இருக்கலாம். தாயாரின் நகைகளை அடகு வைத்த பணம் மடியில் இருந்தது. வேறொரு கரையிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி இழைப் படகொன்று, பதினெட்டடி நீளம், நீலமும் வெள்ளையுமாகப் புதுப் பூச்சுடன் மணலில் நின்றது. விற்பவர் கயிற்றை ஒரு முறைதான் இழுத்தார், இயந்திரம் முழங்கிற்று. இளைஞரின் முகம் மலர்ந்தது. ஆனால் அவர் துணைக்கு அழைத்து வந்திருந்த பெரியவரோ, கயிற்றை இழுப்பதற்கு முன்பே போய் இயந்திரத்தின் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்திருந்தார்.

“சூடாக இருக்கிறதே, தம்பி. நாம் வருவதற்கு முன்னே யாரோ ஓட்டி வைத்திருக்கிறார்கள்” என்றார், விற்பவருக்குக் கேளாதபடி.

குளிர்ந்த இயந்திரம் எத்தனை இழுப்பில் எழும்புகிறது என்பதே சோதனை. சூடேறியதை யாரும் எழுப்பலாம். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தைப் பெற்றோலில் எழுப்பி, பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். ஆகையால் பெற்றோலில் முழங்குவதைக் கேட்டு மகிழ்வதிற் பயனில்லை. மண்ணெண்ணெய்க்கு மாற்றியபின் தடுமாறாமல் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். குளிர்விக்கும் நீர் ஒரே சீராகப் பீறிட வேண்டும். நின்று நின்று வந்தால் உள்ளே உப்பு அடைத்திருக்கிறது, அல்லது பம்பி தேய்ந்திருக்கிறது. கீழ்க்காலிலுள்ள கியர் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பார்த்து, அது பால் கலந்த தேநீர் போல் வெளுத்திருந்தால், கடல்நீர் உள்ளே புகுந்துவிட்டது என்று கொள்க. எரிபொருட் செலவையும் கேட்க வேண்டும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவாக ஏறியதை எந்தக் கடற்றொழிலாளர் வீடும் மறந்திராது. பழைய இயந்திரத்தின் தாகத்தை நாள்தோறும் தீர்க்க வேண்டியவன் வாங்குகிறவனே.

இவ்வளவு சொன்னாலும், இயந்திரத்தை முதலிற் பார்ப்பதே பிழை என்பது நம் அபிப்பிராயம். இயந்திரத்தைக் கழற்றி மாற்றலாம். படகின் உடம்பை மாற்ற இயலாது. பெரியவரும் இயந்திரத்தின் பக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. அதை மாட்டியிருக்கும் பின்பலகையிடம் போனார். படகைத் தாங்கி நிற்பது அணியம் என்று கரையில் நிற்பவர்கள் எண்ணுகிறோம். தள்ளும் விசை முழுவதையும் வாங்குவது அந்தப் பின்பலகைதான். வெளியே கண்ணாடி இழை, உள்ளே மரப்பலகை. இயந்திரத்தை இறுக்கும் ஆணித் துளைகளின் வழியே நீர் கசிந்தால் உள்ளிருக்கும் பலகை உளுத்துப் போகும். வெளித்தோல் மட்டும் ஆண்டுக்கணக்காக மினுங்கிக்கொண்டிருக்கும். பெரியவர் இயந்திரத்தின் காலை இரு கைகளாலும் பற்றி மேலும் கீழுமாக அழுத்தினார். பின்பலகை மூச்சு விடுவதுபோல் அசைந்தது. ஐந்து ரூபாக் குற்றியொன்றை எடுத்து ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். ஓரத்தில் கணீரென்ற ஓசை, நடுவில் பொத்தென்று செத்துப்போயிற்று. நமக்கே கேட்டது.

பிறகு படகைச் சரித்து வயிற்றைப் பார்த்தார்கள். உடப்பு போன்ற கரையிலே படகை நாள்தோறும் மணலில் இழுத்து ஏற்ற வேண்டியிருப்பதால், ஏராவின் கீழ்விளிம்பு அரம்பட்டது போல் தேயும். தேய்வு குற்றமன்று, தேய்ந்த இடத்தில் இழை வெளியே தெரிந்து நூல் நூலாகப் பிரிந்திருக்கிறதா என்பதே கேள்வி. அங்கங்கே பயறு அளவில் கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பார்க்கலாம். புளித்த வாடையுடன் நீர் வரும். மாணவ நேயர்கள் பாடசாலையிற் படிக்கும் பிரசாரணம் என்ற நிகழ்ச்சியே இது. மேற்பூச்சினூடே நீர் மெல்ல ஊறி, பிசினில் எஞ்சிய பொருள்களைக் கரைத்து, அந்தக் கரைசல் மேலும் நீரை இழுத்து வீங்குகிறது. சில கொப்புளங்களைச் சுரண்டிக் காயவிட்டு அடைக்கலாம். வயிறு முழுவதும் கொப்புளமாயின் விட்டுவிடுவதே நலம். விற்கப் போகும் வாரத்திற் பூசிய பூச்சு இவை அத்தனையையும் மறைக்கும் என்பதால், புதுப் பூச்சு நமக்கு அழகாகத் தோன்றுவதில்லை; வழக்காகவே தோன்றுகிறது.

படகின் பாரமும் பேசும். ஆசனங்களின் கீழே மிதப்புக்காக அடைத்திருக்கும் நுரைப்பஞ்சு நீர் குடித்துவிட்டால் படகு கனத்துப்போகும். கவிழ்ந்தால் மிதக்கவும் செய்யாது. இத்தகைய படகை மணலில் ஏற்ற வழக்கமாக எத்தனை பேர் தேவை என்பது ஊராருக்குத் தெரியும். அதற்கு மேல் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தால் ஏனென்று கேட்க வேண்டும்.

மரவள்ளமும் துடுப்புமாக இருந்த கரைகளில் 1950களில் ஐக்கிய நாடுகள் உணவு விவசாய ஸ்தாபனத்தின் உதவியோடு இயந்திரம் நுழைந்தது. 1960களின் பிற்பகுதியில் காரைநகரில் நோர்வே நாட்டார் உதவியுடன் தொடங்கிய சீ-நோர் போன்ற தளங்கள் கண்ணாடி இழைப் படகைப் பழக்கப்படுத்தின. மரவள்ளத்தின் நோயை ஓடாவி கலப்பத்து அடிக்கும்போதே கண்டுகொள்வார். இழைப் படகோ நோயை உள்ளே வைத்துக்கொண்டு சிரிக்கும். மேனாடுகளில் பழைய உல்லாசப் படகு வாங்குகிறவர்கள், படகைக் கரையேற்றிச் சோதிப்பதற்கென்றே கூலி கொடுத்து ஓர் ஆய்வாளரை அமர்த்துகிறார்கள். அவரும் நாணயத்துக்குப் பதில் சிறு சுத்தியலால் தட்டுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இருபத்தெட்டடி மூன்றரைத் தொன் படகு, அல்லது அதனிலும் பெரிய உள்ளிணைப்பு இயந்திரப் படகு வாங்குகிறவர்கள் புகையையும் கவனிக்க வேண்டும். பாரம் ஏற்றி ஓடுகையில் கரும்புகை நீங்காவிட்டால் எரிபொருள் சரியாக எரியவில்லை. நீலப்புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் சொட்டு நீர் வருவது வழக்கம்; ஓடையாக வரலாகாது. இன்னொன்று: அடித்தளத்தை வாரும் இழுவைமடித் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017இல் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. “மடியும் வின்ச்சும் சேர்த்தே தருகிறேன்” என்று யாரேனும் இலாபங் காட்டினால், அது வழக்கு மன்றத்துக்கு வழி காட்டுவதாகும்.

பத்திர விஷயம் சுருக்கமே. படகின் பதிவிலக்கமும் இயந்திரத்தின் தொடரிலக்கமும் காகிதத்தில் உள்ளபடி இருக்கின்றனவா, பதிவு விற்பவர் பேரிலேயே இருக்கிறதா, கடன் நிலுவை உண்டா என்பவற்றைக் கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களத்தின் அலுவலகத்தில் விசாரித்த பிறகே பணம் கைமாற வேண்டும். தொடரிலக்கம் அரத்தால் சுரண்டப்பட்ட இயந்திரம் எவ்வளவு மலிவாயினும் திருட்டுச் சொத்தென்றே எண்ணுக.

காலம் பார்ப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கச்சான் வீசும் ஆனி, ஆடியில் படகுகள் கரையிற் கிடப்பதால் விலை இறங்கும். ஆனால் அந்தக் கடலில் ஓட்டிப் பார்க்க முடியாது. களப்பில் ஓட்டிக் காட்டுவதாகச் சொல்வார்கள். அலையில்லாத நீரில் எந்தப் பின்பலகையும் அசையாது. முற்பணம் மட்டும் கொடுத்துச் சாட்சியோடு எழுதி வைத்துக்கொண்டு, கடல் அடங்கியதும் பாரமேற்றி ஓட்டிப் பார்த்து மிகுதியைக் கொடுப்பதே தக்கது. இதற்கு இணங்காத விற்பனையாளரிடம் வாங்காதிருப்பதால் இழப்பு ஒன்றுமில்லை.

உடப்பில் நாம் கண்ட இளைஞர் அன்று வெறுங்கையோடு திரும்பினார். “பருவம் போகுதே ஐயா” என்று இரண்டு முறை சொன்னார். பெரியவர் பதில் சொல்லவில்லை. மூன்று கிழமை அவர் பிறர் படகிற் பங்குக்குப் போனார் என்று பின்னர் அறிந்தோம். அதன்பின் பூச்சு உரிந்து, ஏரா தேய்ந்து, பார்வைக்கு அவலட்சணமான ஒரு படகை, தட்டிய இடமெல்லாம் கணீரென்றதை நம்பி வாங்கியிருக்கிறார். ஏராவுக்கு இழை ஒட்டிய கூலி போக மிஞ்சிய பணத்தில் தாயாரின் காப்பு ஒன்று அடகிலிருந்து மீண்டது. பூச்சுப் பூச இன்னும் கை எட்டவில்லை.