கண் பிள்ளை, காது பிள்ளை



1970களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் பேண்ட்லர், ஜான் கிரைண்டர் என்ற இருவர் உருவாக்கியது என்.எல்.பி. முறை. பார்த்துப் படிக்கிற பிள்ளை, கேட்டுப் படிக்கிற பிள்ளை, செய்து படிக்கிற பிள்ளை என்று பிரித்துப் பாடம் நடத்தலாம் என்பார்கள் இதைப் பின்பற்றும் சிலர்.

எனக்கு இது சரியாப் படலை. இலையின் குறுக்குவெட்டைக் காதால படிக்க முடியுமா? வாய்விட்டுச் சொல்லாம செய்யுளோட ஓசை தெரியுமா? 2008இல் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் பழைய ஆராய்ச்சிகளை அலசிவிட்டு, இப்படிப் பிரிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள். ஒருத்தியைக் 'காது பிள்ளை'ன்னு சொல்லிட்டா, அப்புறம் மேப் குறிக்க அவளை யார் கூப்பிடுவாங்க?

('கத்தாதே' என்பதைவிட 'மெதுவாப் பேசு' என்று சொல்லச் சொல்றாங்க. அது மட்டும் பிடிச்சிருக்கு!)

டீச்சர், அடுத்த சோதனையில லிட்மஸ் தாளைக் கடைசி பெஞ்சு வரைக்கும் கொடுங்க. நாங்களும் நனைச்சுப் பார்க்கிறோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி