மழலைக்கு மறுமொழி தருக!

மேற்குத் தொடர்ச்சி மலையடியில், பிளவக்கல் அணைகளுக்கு அருகே அமைந்த கூமாப்பட்டி, 2025ஆம் ஆண்டிற் செல்பேசிக் காணொளிகளால் நாடறிந்த ஊராயிற்று. ஓர் ஊரின் பெயரைச் சில நாள்களில் நாடெங்கும் பரப்பவல்ல அக்கருவி, ஒரு குழந்தைக்குப் பேச்சைக் கற்பிக்க வல்லதா? அழுகை யடக்கவும் சோறூட்டவும் அதனைப் பிள்ளை கையில் திணிக்கும் இல்லங்கள் இன்று ஊர்தோறும் உள. ‘ஆங்கிலப் பாட்டன்று, தமிழ்ப் பாட்டுத்தானே ஓடுகிறது’ எனத் தமிழன்பருள்ளும் சிலர் அமைதி கொள்கின்றனர். அது பொய்யமைதி.

அமெரிக்காவிற் பாட்ரிசியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 9 திங்கள் அகவைக் குழந்தைகள் சிலரோடு சீனமொழியாளர் நேரில் அமர்ந்து பேசினர். வேறு சிலர்க்கு அத்தகு பேச்சே திரையிற் காட்டப்பெற்றது. 12 அமர்வுகளின் பின், நேரிற் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையிற் கேட்டவை அறியவில்லை. திரையில் ஒலி இருந்தது, உருவமும் இருந்தது, மறுமொழி இல்லை. தமிழின் ல, ள, ழ வேறுபாட்டைக் குழந்தைக்கு ஊட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆத்திரேலியாவில் 220 குடும்பங்களிடை நிகழ்ந்து 2024இல் வெளிவந்த ஆய்வு, மூன்றாம் அகவையில் திரைமுன் கழியும் ஒவ்வொரு மணித்துளிக்கும், குழந்தை கேட்கும் பெரியோர் சொற்களில் ஏறத்தாழ 7 குறைதலைக் கண்டது.

கூமாப்பட்டிக்கு அணித்தான திருவில்லிபுத்தூரிற் பெரியாழ்வார் கண்ணனைக் குழவியாக்கிப் பாடினார். அவ்வழியே பின்னர்ப் பிள்ளைத்தமிழ் வளர்ந்தது. செங்கீரை, சப்பாணி, முத்தம், வருகை என அதன் பருவங்கள் பலவும் குழந்தையை முகம்நோக்கி அழைப்பன. அதன் மறுசெயலுக்குக் காத்திருப்பன. அக்காத்திருத்தலை எந்தத் திரை செய்யும்?

இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டா, நான்கு அகவை வரை நாளுக்கு 1 மணி நேரத்திற்கு மிகலாகாது என உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. இதன்பொருட்டுத் தாயை மட்டும் பழித்தல் தகாது. காடுகழனியிற் களைத்து வருபவள் அவள். தந்தையும் பாட்டனும் தம் செல்பேசியைக் கீழே வைத்துக் குழந்தையொடு பேசுக! ஈரகவை நிரம்பியும் இருசொல் இணைத்துப் பேசாக் குழந்தையை, காலந்தாழ்த்தாது மருத்துவரிடங் காட்டிச் செவித்திறனும் ஆய்ந்தறிக!

மேடையில் ‘தமிழ் வாழ்க’ என முழங்குவோர், முதற்கண் தம் வீட்டு மழலையின் ‘ங்கா’வுக்கு மறுமொழி தருக!